சிவப்புக் கோட்டைத் தாண்டினால் போர் நிச்சயமா?

ஒரு நாடு "இது எங்கள் சிவப்புக் கோடு, தாண்டினால் சும்மா இருக்க மாட்டோம்" என்று அறிவித்து, இன்னொரு நாடு அதைத் தாண்டினால் போர் வந்தே தீருமா, அடுத்த போர்கள் இப்படித்தான் வெடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தே தீராது. தாண்டியும் பெரிதாக ஒன்றும் நடக்காத கோடுகள் எத்தனையோ இருக்கின்றன. என் பயமே அங்கேதான். அப்படிப் பத்துக் கோடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் பதினோராவதையும் வாய்ச்சவடால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், சொன்னவர் அந்த ஒரு முறை நிஜமாகவே சொல்லியிருப்பார்.

கொரியப் போர் நடந்த 1950இன் அக்டோபர் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பெய்ஜிங்கில் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பிரதமர் சூ என்லாயைப் பார்க்க வரச் சொல்கிறார்கள். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்போது தூதரக உறவே கிடையாது, சேதி போக வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். சூ சொன்னது இதுதான்: வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது இணைகோட்டைத் தென்கொரியப் படை மட்டும் தாண்டினால் பரவாயில்லை, அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனால் வாஷிங்டனில் பணிக்கரைச் சீனா பக்கம் சாய்ந்தவர் என்று ஏற்கெனவே முத்திரை குத்தி வைத்திருந்தார்கள், அதனால் அவர் கொண்டுவந்த சேதியும் வெற்று மிரட்டலாகிவிட்டது. அக்டோபர் 15 அன்று பசிபிக்கின் வேக் தீவில் அமெரிக்க அதிபர் ட்ரூமனைச் சந்தித்த கொரியப் போர்த் தளபதி மெக்ஆர்தர், சீனா உள்ளே வர வாய்ப்பு மிகக் குறைவு என்றார். நான்கே நாளில் சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் வந்துவிட்டது. அப்புறம் 1953 ஜூலை வரை இழுத்த போர், கடைசியில் அதே இணைகோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

சிரியா இதற்கு நேர் எதிர். சிரிய அரசு ரசாயன ஆயுதம் பயன்படுத்தினால் என் கணக்கு மாறும் என்று 2012 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா சொன்னார், சரியாக ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து டமாஸ்கஸை ஒட்டிய கூட்டாவில் அந்தத் தாக்குதல் நடந்தது. பதிலடியில் சேர பிரிட்டன் நாடாளுமன்றம் மறுத்துக் கைவிரித்தது, ஒபாமா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்கப் போனார், கடைசியில் ரஷ்யா நடுவில் வந்து, சிரியா ரசாயன ஆயுதங்களை ஒப்படைக்க ஓர் ஒப்பந்தம். ஒபாமா பின்வாங்கிவிட்டார் என்பதுதான் பொதுவான பேச்சு. அது பாதி உண்மை என்பேன், ஏனென்றால் ஒரு குண்டுகூடப் போடாமல் சுமார் 1,300 டன் ரசாயனம் சிரியாவை விட்டு வெளியே போனது. முழுக்கப் போகவில்லை என்பது 2017இல் சிரியாவின் கான் ஷேக்கூனில் நடந்த ரசாயனத் தாக்குதலில் தெரிந்தது, அது வேறு விஷயம்.

உக்ரைனில் இன்னும் குழப்பம். உக்ரைனுக்கு மேற்கத்திய டாங்கி கொடுத்தால், எஃப்-16 போர் விமானம் கொடுத்தால், ரஷ்யாவுக்குள் நீண்டதூர ஏவுகணை விட்டால் என்று மாஸ்கோ ஒவ்வொன்றுக்கும் எச்சரித்தது. ஒவ்வொன்றும் நடந்தது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள்ளேயே நுழைந்தது. அதனால் ரஷ்யாவின் கோடுகள் எல்லாம் ரப்பர்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் 2008 பிப்ரவரியில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் பர்ன்ஸ், உக்ரைன் நேட்டோவில் சேர்வதுதான் ரஷ்ய ஆட்சி வட்டாரம் முழுவதற்கும் மிகப் பளிச்சென்ற சிவப்புக் கோடு என்று தன் நாட்டு வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார். இரண்டு மாதத்தில் புக்காரெஸ்டில் கூடிய நேட்டோ, உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிவித்தது, ஆனால் எப்போது என்று தேதியும் சொல்லவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. இதற்காக 2022 படையெடுப்பை நியாயப்படுத்த முடியாது. நான் சொல்வது, எல்லாக் கோடும் ரப்பர் இல்லை என்பது மட்டும்தான்.

சரி, வேலை செய்யும் கோடே இல்லையா? இருக்கிறது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் கிரேக்கம் தன் கடல் எல்லையை 6 கடல் மைலிலிருந்து 12க்கு நீட்டினால் அது போருக்கான காரணம் என்று துருக்கி நாடாளுமன்றம் 1995இல் தீர்மானம் போட்டது. சர்வதேசச் சட்டம் 12 வரை அனுமதிக்கிறது, கிரேக்கமும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் ஏஜியனில் 6தான். மிரட்டல் அசிங்கமானதுதான், ஆனால் எதைச் செய்தால் தாண்டியதாக அர்த்தம் என்பதில் இரு தரப்புக்கும் துளி சந்தேகம் கிடையாது, தாண்டாமல் இருக்க கிரேக்கம் சும்மா இருந்தாலே போதும். தைவான் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. தைவானை அமைதியாக இணைக்க வழி முற்றிலும் அடைபட்டால் படைபலம் என்கிறது சீனாவின் 2005 சட்டம். அடைபட்டதா இல்லையா என்று முடிவு செய்யப்போவதும் பெய்ஜிங்தான்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது இந்தியா, பாகிஸ்தான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் இந்தியா, பாகிஸ்தானோடு நதிநீரைப் பங்கிடும் சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, தண்ணீரைத் தடுத்தாலோ திருப்பினாலோ போர்ச் செயலாகவே கொள்வோம் என்றது பாகிஸ்தான். மே 10 அன்று இந்திய அரசுத் தரப்பு, இனி எந்தப் பயங்கரவாதத் தாக்குதலும் போர்ச் செயல்தான் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணையில் வண்டலை வெளியேற்ற மதகைத் திறந்து மூடினால் கீழே ஓட்டம் ஏறி இறங்கும், அது தடுப்பதா, பராமரிப்பா? இன்னொரு பக்கம், கோட்டைத் தாண்டும் சாவி எந்த அரசின் கையிலும் முழுசாக இல்லை, துப்பாக்கி வைத்திருக்கும் நாலு பேர் கையிலும் இருக்கிறது. அதுவும் அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகள், பின்வாங்கினால் உள்நாட்டில் முகம் கொடுக்க முடியாதபடி பகிரங்கமாகச் சொல்லிவிட்டன.

அந்த மே மாதம் சண்டை நின்ற விதத்தைக் கவனித்தீர்களா? மே 10 மாலை 3.35க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்தியாவில் அதே பதவியில் இருப்பவருக்கு போன் செய்தார், 5 மணியிலிருந்து நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள் என்று இந்திய வெளியுறவுச் செயலர் அறிவித்தார். மீறல் புகார்கள் அன்றிரவே வந்தன, அப்படியும் தாக்குப்பிடித்தது. மே 7 அன்று இந்தியா நடத்திய தாக்குதலிலிருந்து அந்த போன் வரை மூன்று நாளுக்கு மேல் ஆனது. இப்போது இரு தரப்பும் சொல்லிவைத்திருப்பதைப் பார்த்தால், அடுத்த தடவை அவ்வளவு நேரம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.