வாசகர் கேட்கிறார்: ஃபிளவர்ஹார்ன் தொட்டியும் குழாய்த் தண்ணீரும்

மூன்றடித் தொட்டியில் ஒரே ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன். வாரம் தவறாமல் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், தண்ணீரும் பளிங்குபோல் இருக்கிறது. ஆனால் நைட்ரேட் சோதனையில் எப்போதும் 80 காட்டுகிறது. சோதனை மருந்து கெட்டுவிட்டதா?
— வாசகர், ஈசூன்

மருந்தில் குறையில்லை, கணக்கில்தான் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. நைட்ரேட்டை வெளியே கொண்டுபோவது உங்கள் வாளி மட்டுமே. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அதனால் தண்ணீரின் தெளிவைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஒரு வாரத்தில் கூடும் நைட்ரேட்டை, நீங்கள் மாற்றும் பங்கால் வகுத்துப் பாருங்கள். தண்ணீர் மாற்றுவதற்குச் சற்று முன் அளவு எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்துவிடும். உங்கள் தொட்டியில் வாரம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கூடுகிறது. கால் பங்கு மாற்றினால் அது 80-இல் நிற்கும். பாதி மாற்றினால் 40-இல் நிற்கும், மாற்றி முடித்ததும் 20-க்கு இறங்கும். ஃபிளவர்ஹார்னுக்கு 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆக, வாரம் பாதி. முதல் வாரம் மட்டும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை, மூன்றில் ஒரு பங்கு வீதம் மாற்றி அளவைக் கீழே கொண்டுவாருங்கள்.

அவ்வளவு தண்ணீர் சுமக்க முடியாதா? தீனியைக் குறையுங்கள். தலைமேடு (இந்த மீனின் நெற்றியில் புடைத்திருக்கும் மேடு) வளரும் என்று நாளுக்கு நான்கைந்து வேளை புரத உருண்டைகளைக் கொட்டுவதுதான் பாதிப் பிரச்சினை. வளர்ந்த மீனுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

ஊரில் தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்து ஊற்றுவோம். இங்கேயும் அப்படித்தான் செய்தேன். மீன் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது. ஏர் பம்ப் போட்டும் பலனில்லை.
— வாசகர், தெம்பனிஸ்

வெறும் குளோரின் என்றால் ஓரிரவில் பறந்துவிடும். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாயில் தரும் தண்ணீரில் இருப்பது குளோரமின். அது அம்மோனியாவோடு பிணைந்த குளோரின், காத்திருந்தால் எளிதில் போகாது. செவுள் வழியே இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினையே கெடுத்துவிடும். அதனால்தான் ஏர் பம்ப் ஓடியும் மீன் மூச்சு வாங்குகிறது.

உடனே முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு, குளோரினை முறிக்கும் மருந்தான ஆண்டி-குளோரினை ஊற்றுங்கள். சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள மலிவான வகை குளோரினை முறிக்கும், அம்மோனியாவை விட்டுவிடும். பழகிய ஃபில்டர் அதைத் தின்றுவிடும். புதுத் தொட்டி என்றால் அம்மோனியாவையும் கட்டும் வகையையே வாங்குங்கள், லேபிளில் எழுதியிருக்கும். வாளியில் கலந்து ஊற்றினால் வாளி அளவுக்கு மருந்து. ஹோஸை நேரே தொட்டிக்குள் விட்டால், குழாயைத் திறக்கும் முன்பே முழுத் தொட்டியின் அளவுக்கு மருந்து. 90 × 45 × 45 சென்டிமீட்டர் தொட்டியில் சுமார் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். பஞ்சையும் பயோ ரிங்கையும் (பாக்டீரியா குடியிருக்கும் வளையங்கள்) ஒரே நாளில் கழுவ வேண்டாம். இனி வாளியில் தண்ணீர் பிடித்துவைக்கும் தேவையும் இல்லை. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

வேலை நெருக்கடியில் நான்கு மாதம் தண்ணீர் மாற்றவில்லை. மீன் நன்றாகவே இருந்தது. குற்ற உணர்ச்சியில் ஒரே நாளில் முக்கால்வாசி மாற்றினேன், ஆண்டி-குளோரினும் சரியாகப் போட்டேன். விடிவதற்குள் இறந்துவிட்டது.
— வாசகர், உட்லண்ட்ஸ்

உங்கள் மீனைக் கொன்றது பெரும்பாலும் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏற்றம். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலத்தை ஈடுகட்டும் தண்ணீரின் காரத்தன்மை செலவாகிக்கொண்டே போகும். நம் குழாய்த் தண்ணீர் மென்னீர், அதில் அந்தச் சேமிப்பு குறைவு. நான்கு மாதத்தில் அது தீர்ந்து, பிஎச் 6-க்கும் கீழே விழுந்திருக்கும். அந்த நிலையில் பாக்டீரியா சோர்ந்துபோகும், அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் மீனுக்கு அவ்வளவாக உறைக்காது. 28 டிகிரியில் பிஎச் 6 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.1 சதவீதம்கூட இல்லை. பிஎச் 8-க்கு ஏறினால் 6 சதவீதத்தைத் தாண்டும். நீங்கள் ஊற்றிய புதுத் தண்ணீர்தான் அதை ஏற்றியது.

இப்படிக் கைவிட்ட தொட்டியில் முதலில் பிஎச், அம்மோனியா இரண்டையும் சோதிக்க வேண்டும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் தினமும் பத்து சதவீதம் மட்டும் மாற்ற வேண்டும், தீனியைப் பெரும்பாலும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த மீன் வாங்கும்போது ஃபில்டரில் ஒரு வலைப்பை நிறைய கோரல் சிப்ஸ் (பவளத் துண்டுகள்) போட்டுவையுங்கள், பிஎச் அப்படி விழாது.

தண்ணீர் மாற்றும்போதெல்லாம் உப்பு போட வேண்டுமா?
— வாசகர், செங்காங்

கட்டாயமில்லை. நைட்ரைட் ஏறிய சமயத்தில் உப்பிலுள்ள குளோரைடு அது செவுளில் நுழைவதைத் தடுக்கும். அப்போது லிட்டருக்கு 1 கிராம் போடலாம். உப்பு ஆவியாகாது. 80 லிட்டர் எடுத்தால் திரும்பப் போட வேண்டியது 80 கிராம்தான், 160 அல்ல.

இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தொட்டி இருக்கிறது. ஹீட்டர் வேண்டுமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

வேண்டும். கூடத்தில் இருந்தால் தேவைப்படாது. 160 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர், 28 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் எடுப்பதற்கு 15 நிமிடம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூட்டோடு வெளியே தெரியும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் புதுத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும், கை உள்ளே இருக்கும் நேரம் அது.