ஒகுனோஷிமா முயல்களுக்கு என்ன எடுத்துச் செல்வது?

வணக்கம். ஜப்பானில் முயல்கள் சுதந்திரமாகத் திரியும் ஒகுனோஷிமா தீவுக்குப் போகப்போவதாகவும், அவற்றுக்குக் கொடுக்கப் பிரெட்டும் பிஸ்கட்டும் வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இரண்டையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. மாவுச்சத்து அதன் பெருங்குடலில் நொதித்து வாயு சேர்ந்தால் வயிறு உப்பி, குடல் அசைவு நின்று, ஓரிரு நாளில் செத்தும் போகலாம். குழந்தைகள் ஆசையாக நீட்டும் சிப்ஸும் இதே வேலையைத்தான் செய்யும்.

முயல் தீவனமாக விற்கும் உலர்ந்த திமோதி புல்தான் நல்லது. ஒரு நாளுக்கு 200 கிராம் தாராளம். கூடவே ஒரு பிடி முயல் பெல்லட் (சிறு உருளைகளாக வரும் உலர் தீவனம்), விரல் நீளத்தில் நறுக்கிய கேரட் சில துண்டுகள் போதும். முட்டைக்கோஸை அள்ளிப் போடாதீர்கள், வாயு கட்டும். தீவில் முயல் உணவு விற்பதில்லை, முன்பே வாங்கிவிடுங்கள்.

ஹிரோஷிமாவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் மிஹாரா, அங்கே குரே லைன் ரயிலில் ததனோஉமி, பிறகு கால் மணி நேரப் படகு. குரே லைனில் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

சாலையில் வைத்து ஊட்டாதீர்கள். அங்கே தீனி கிடைக்கும் என்று பழகிய முயல் வண்டியில் அடிபடும். தூக்கவும் வேண்டாம். உதறித் துள்ளும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். மிச்சத்தைக் கொட்டிவிட்டு வந்தால் காட்டுப்பன்றியும் காக்கையும் எலியும் கூடும், குட்டி முயல்களுக்கு அதுதான் ஆபத்து. தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் அங்கே தவிப்பு அதிகம். ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோய், காலியாகக் கிடக்கும் கிண்ணங்களைக் கழுவி நிரப்புங்கள்.

1929 முதல் 1945 வரை அங்கே விஷவாயு ஆலை இருந்தது. அதன் அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.