பழைய ஹொண்டாவுக்கு கார் ஒயில் போடலாமா?

தலவாக்கலையில் ஓடும் பழைய ஹொண்டா சிஜி 125 மோட்டார் சைக்கிளுக்கு, மிஞ்சிய கார் ஒயிலை ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த எஞ்சினில் கிளச்சும் கியரும் எஞ்சின் ஒயிலில்தான் நனைந்து ஓடுகின்றன. எரிபொருள் மிச்சம் பிடிக்க வழுக்கலைக் கூட்டிய கார் ஒயில் போட்டால் கிளச் நழுவும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. போத்தலில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) என்று இருக்கிறதா பாருங்கள்; ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி அது. தடிப்பு அளவு 20டபிள்யூ-50 (20W-50) உள்ள சாதாரண மினரல் ஒயில் போதும். குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால், குளிரில் இளக்கமாக ஓடும் 10டபிள்யூ-40.

அப்புறம், இந்த எஞ்சினில் ஒயிலை வடிகட்டக் காகித ஃபில்டர் கிடையாது. சல்லடையும், சுழன்று அழுக்கைப் பிரிக்கும் கிண்ணமும்தான். அதனால் நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒயிலை மாற்றிவிடுவேன். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வடியுங்கள். பழைய ஒயிலை மட்டும் ஓடையில் ஊற்றாதீர்கள். கீழே தோட்டத் தொழிலாளர் லயங்களில் அந்தத் தண்ணீரைப் பாவிப்பார்கள்.