கையை நிறுத்துங்கள், மூச்சை விடுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. நீச்சல் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பத்தடி போவதற்குள் இரைக்கிறது, கால் கீழே போய்விடுகிறது. வயதாகிவிட்டது என்கிறார்கள் வீட்டில். ஊர்க் கிணற்றில் டியூப் மாட்டிக்கொண்டு பழகினால் சீக்கிரம் வந்துவிடுமா?
– வாசகர், மதுரை

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் செய்யும் தவறைச் செய்தால் பதினெட்டு வயதுப் பையனுக்கும் இரைக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள். வெளியே வரும் அரை நொடியில் பழைய காற்றை விடவும் வேண்டும், புதுக் காற்றை இழுக்கவும் வேண்டும் என்றால் எப்படி முடியும்? நுனிமூச்சுதான் மிஞ்சும். உள்ளே தேங்கும் கரியமில வாயுதான் மூச்சு முட்டுவதுபோல் பதற வைக்கிறது.

ஆகவே ஒரு வாரம் கைவீச்சை நிறுத்துங்கள். மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்து நின்று, வாயால் மூச்சை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாக நான்கைந்து நொடி சீராகக் குமிழி விடுங்கள். முகம் வெளியே வரும்போது இழுப்பது மட்டுமே வேலை. இடைவிடாமல் இருபது முறை, பதற்றமின்றி வர வேண்டும். தலை கிறுகிறுத்தால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், நின்று ஓய்வெடுங்கள்.

கால் தாழக் காரணம் உங்கள் தலை. மிதக்க வைக்கும் காற்று நெஞ்சில் இருக்கிறது, கனம் இடுப்புக்குக் கீழே. நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கினால் கால் இறங்காமல் என்ன செய்யும்? கண் நேர் கீழே தரையைப் பார்க்கட்டும். ஒல்லியான ஆண்களுக்கு அப்போதும் கொஞ்சம் தாழும். இடுப்பிலிருந்து வரும் மெல்லிய உதை அதைச் சரிக்கட்டிவிடும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி உதைத்தால் தண்ணீர்தான் சிதறும், ஆள் நகர மாட்டார்.

பெரியவர்களுக்குப் பலரும் சொல்லித்தர மறப்பது, மிதப்பிலிருந்து எழுந்து நிற்பதை. முழங்கால்களை நெஞ்சருகே இழுங்கள், இரு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்துங்கள், பாதம் தரையில் ஊன்றிய பிறகே தலையைத் தூக்குங்கள். தலையை முதலில் தூக்குபவர் கால் வழுக்கி ஒரு மிடறு குடிப்பார்; மறுநாள் வகுப்புக்கு வர மாட்டார். இதைப் பத்து முறை செய்து பாருங்கள், பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

கிணறு இப்போது வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை உடம்பைக் கிடையாகத் தாங்கியது. அக்குளில் மாட்டும் லாரி டியூப் ஆளைச் செங்குத்தாகத் தொங்கவிடும். கழற்றிய பிறகும் உடம்பு அந்த நிலையைத்தான் தேடும். கிணற்றில் கால் ஊன்றவும் இடமில்லை. குமிழியும் மிதப்பும் கைவந்த பிறகு போங்கள். போகும் அன்றும் நீந்தத் தெரிந்த ஒருவர் கயிற்றோடு மேலே நிற்கட்டும்.