கார்பன் டை ஆக்சைடு கரைதிறன்: புதிய கரைப்பானில் கணிப்பு ஏன் பிசகுகிறது?

கேள்வி: ஆழ் யூடெக்டிக் கரைப்பான்களில் (தம் கூறுகளைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலவைகளில்) கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு கரையும் என்று கணிக்க, ஆய்விதழ்களிலிருந்து தரவு திரட்டி பல முடிவு மரங்களின் கணிப்பைச் சராசரியாக்கும் ராண்டம் ஃபாரஸ்ட் மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனைத் தரவில் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வந்தது. ஆனால், எங்கள் ஆய்வகத்தில் தயாரித்த புதிய கரைப்பானுக்குக் கணிப்பு பெரிதும் பிசகுகிறது. நியூரல் நெட்வொர்க்குக்கு மாறலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற வேண்டாம். கோளாறு பெரும்பாலும் தரவைத் தொகுத்த விதத்திலும் பிரித்த விதத்திலும்தான் இருக்கும்.

முதலில் மோல் பின்னத்தை, அதாவது கரைசலின் மொத்த மோல்களில் கரைந்த வாயுவின் பங்கை, சரிபாருங்கள். 2003இல் ஆபட் குழுவினர் வெளியிட்ட, கோலின் குளோரைடும் யூரியாவும் 1:2 விகிதத்தில் சேர்ந்த கலவையையே எடுத்துக்கொள்வோம். மூன்று மோல்களையும் தனித்தனியே எண்ணினால் சராசரி மோலார் நிறை 86.6 கிராம், மூன்றையும் சேர்த்து ஒரே அலகாகக் கொண்டால் 259.7 கிராம். முதல் கணக்கில் 0.10 என்று பதிவாகும் கரைதிறன், இரண்டாவது கணக்கில் 0.25 ஆகிவிடும். கரைந்த வாயு இம்மியும் கூடவில்லை. இவ்விரு வகை எண்களும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், எந்த மாதிரியாலும் அதைச் சீராக்க முடியாது. எனவே எல்லாவற்றையும் ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு எத்தனை மோல் என்ற கணக்குக்கு மாற்றுங்கள். அப்போது மேற்சொன்ன இரண்டும் சுமார் 1.28 என்றே வரும்.

அடுத்தது, தரவைப் பிரிப்பது. ஒரே கரைப்பானுக்குப் பல அழுத்தங்களில் அளந்த புள்ளிகளைத் தற்போக்காகப் பிரித்தால், 2 மெகாபாஸ்கல் புள்ளி பயிற்சியிலும் 2.5 மெகாபாஸ்கல் புள்ளி சோதனையிலும் போய் விழும். மாதிரி அவற்றுக்கு இடைப்பட்ட மதிப்பை நிரப்பினாலே போதும், வேதியியல் எதையும் கற்க வேண்டியதில்லை. உங்கள் 0.99 இப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஒரு கரைப்பானின் எல்லாப் புள்ளிகளையும் மொத்தமாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் சரியும், ஆனால் புதிய கரைப்பானுக்கு நம்பத்தக்கது அந்த மதிப்பெண்தான். பயிற்சியில் கண்ட மதிப்புகளின் எல்லையைத் தாண்டி ராண்டம் ஃபாரஸ்ட் எதையும் சொல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மோனோஎத்தனாலமைன் போன்ற அமைன் கலந்தவற்றைத் தனித் தொகுப்பாக்குங்கள். அங்கே வாயு அமைனுடன் வினைபுரிந்து கார்பமேட் ஆவதால், குறைந்த அழுத்தத்திலேயே ஏற்பு செங்குத்தாக உயரும். வெறுமனே கரையும் கரைப்பானிலோ, குறைந்த அழுத்தத்தில் ஹென்றி விதிப்படி அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். வெப்பநிலை உயர உயரக் குறையும். உங்கள் மாதிரியின் வளைகோடுகள் இந்த இரண்டுக்கும் பணிகின்றனவா என்று வரைந்து பாருங்கள்.

கூடவே, பரிசோதனைத் தரவே இல்லாத கரைப்பானுக்கும் மூலக்கூறின் மேற்பரப்பு மின்னூட்டத்திலிருந்து கணிக்கும் காஸ்மோ-ஆர்எஸ் முறையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தம், கன அளவு, வெப்பநிலை ஆகியவற்றை இணைக்கும் பெங்-ராபின்சன் சமன்பாட்டுக்குப் பொதுவாக, அளந்த தரவுடன் பொருத்திய இடைவினை மாறிலி வேண்டும் என்பதால், புத்தம் புதிய கரைப்பானில் அது அவ்வளவாக உதவாது.

இவ்வளவுக்குப் பிறகும் பிசகு நீடித்தால், உங்கள் மாதிரிப்பொருளில் உள்ள நீரைக் கார்ல் ஃபிஷர் முறையில் அளந்துவிடுங்கள். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். உலர்ந்த கரைப்பானுக்கான கணிப்பை ஈரமான கரைப்பானின் அளவீட்டோடு ஒப்பிடுவது பொருந்தாது.