பேக்எண்ட் ஃபிரேம்வொர்க்கை முதன்முதலாகக் கற்பவர் ஜாங்கோவில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம், பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு தெரிந்திருந்தால். இணையச் செயலியின் பின்னணி வேலைகளை, அதாவது பேக்எண்டை, பைத்தானில் எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்புதான் (ஃபிரேம்வொர்க்) ஜாங்கோ. நான் படித்தது பி.காம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மாமாவின் காய்கறி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சியில் ஒரு வாக்கெடுப்புச் செயலியைச் செய்யச் சொல்வார்கள். இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் அது ஓடியது, எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. யாரோ போட்ட கோலத்தின்மேல் விரலை ஓட்டியது போல இருந்தது. பிறகு மண்டிக் கணக்கையே செயலியாக்கலாம் என்று அதன் சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒவ்வொரு சரக்கு வரத்தைப் பதியும்போதும் விவசாயியின் பெயரைத் தட்டச்சு செய்துவந்தேன். இலவம்பாடி முள் கத்தரிக்காய் கொண்டுவரும் ஒரே பெரியவர், இனிஷியலோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, ஊர்ப்பெயரோடு ஒருமுறை எனப் பதிவாகி மூன்று ஆளானார். அவருக்குத் தரவேண்டிய பாக்கியும் மூன்றாக உடைந்தது. விவசாயிக்கு ஒரு மாடல் (தரவுத்தள அட்டவணையின் வரையறை), வரத்துக்கு ஒரு மாடல், இரண்டையும் இணைக்க ஃபாரின் கீ, அதாவது இந்த வரத்து எந்த விவசாயியுடையது என்று சுட்டும் புலம் என்பது அன்றுதான் விளங்கியது. பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவதும் இதுதானே! பி.காம். படித்தவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. விடியற்காலை நான்கு மணிக்கு இறக்கிய மூட்டைகள் முந்தைய நாள் தேதியில் நின்றன. ஆறு மணிக்கு இறக்கியவை சரியாக இருந்தன. "இன்று வந்த சரக்கை நேற்றே இறக்கிவிட்டாயே, ஜோசியம் தெரியுமா உனக்கு?" என்று மாமா கேட்டார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், தேதி மாறுவது சரியாக ஐந்தரை மணிக்கு என்று கண்டேன். புதிய ஜாங்கோ திட்டத்தின் நேர மண்டலம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்றே இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். செட்டிங்ஸ் கோப்பில் அதை 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றினேன், தீர்ந்தது. பழைய பதிவுகளையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. தரவுத்தளத்தில் நேரம் எப்போதும் யுடிசியில்தான் சேமிக்கப்படுகிறது, காட்டும்போது மட்டுமே மாற்றுகிறார்கள்.

ஜாங்கோவைப் பரிந்துரைக்க என் முக்கியக் காரணம் அதன் அட்மின் பக்கம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் பொதுவெளிக்கு வந்தது ஜாங்கோ. நிரல் தெரியாத செய்தியாளர்களும் தகவலை உள்ளிட வேண்டியிருந்த இடம் அது. மாடலை எழுதிப் பதிவு செய்தால் போதும், உள்ளிடும் படிவங்கள் தாமாக வந்துவிடும். மாமா முதல் மூன்று மாதம் அதை மட்டுமே பயன்படுத்தினார்.

பைத்தானின் இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கும் மோசமில்லை. ஆனால் தரவுத்தளம், உள்நுழைவு எல்லாவற்றுக்கும் எந்தக் கருவி என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பேன்.

சொந்தமாகப் படிவம் எழுதி 403 பிழை (அனுமதி மறுப்பு) வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் படிவத்துக்குள் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை, அதாவது வேறு தளம் உங்கள் பெயரில் படிவம் அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறியீட்டைப் போட மறந்திருப்பீர்கள்.