வால் ஒடிந்த மயிலும் ஐந்து வாரக் கெடுவும்

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்க்கிறேன். மயில் நிறச் சேவல் ஒன்று, இரண்டு வயது. மூக்கு, கண், நடை எல்லாம் குறை சொல்ல முடியாது. தையில் திண்டுக்கல் பக்கம் நடக்கிற கண்காட்சிக்கு முதல் முறையாகக் கொண்டுபோக நினைத்திருந்தேன். போன வாரம் பார்த்தால் வாலில் நீள இறகு இரண்டு பாதியில் ஒடிந்திருக்கிறது. மற்றவையும் நுனி பிய்ந்து கிடக்கின்றன. இன்னும் 5 வாரம்தான் இருக்கிறது. தீவனக் கடைக்காரர் வால் வளர ஒரு டானிக்கும், கண்காட்சியில் நோய் தொற்றாமல் இருக்க 3 நாள் முன்பிருந்தே தண்ணீரில் கலக்க ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? வால் அதற்குள் வளருமா? வீட்டில் 5 பெட்டையும் மூன்று வாரக் குஞ்சு 14-ம் இருக்கின்றன. நாட்டுக்கோழிக்கு ஊசி எதற்கு என்று அப்பா சொல்வதால் இதுவரை எதற்கும் தடுப்பூசி போட்டதில்லை. கண்காட்சியில் நல்ல வெடை (இளம் பெட்டை) கிடைத்தால் வாங்கி வரலாம் என்றும் இருக்கிறேன். ரொம்பக் கவலையாக இருக்கிறது, ஐயா.

பதில்: வளராது. முழுதாக வளர்ந்து முடிந்த இறகில் ரத்த ஓட்டம் கிடையாது; நம் நகத்தின் நுனியைப் போல அது செத்த பொருள். எந்த டானிக்கைக் கொடுத்தாலும் ஒடிந்த இறகு ஒடிந்தபடியேதான் இருக்கும். அடுத்த இறகு உதிர்ப்பில் அடித்தண்டு விழுந்து புதிது முளைத்தால்தான் உண்டு. அடித்தண்டைப் பிடுங்கிவிட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று யாராவது சொல்வார்கள். முளைக்கும், ஆனால் விசிறிவாலின் நீள இறகு 5 வாரத்தில் முழு நீளத்துக்கு வராது. பாதி வளர்ந்த, ரத்தம் நிறைந்த தண்டோடு சேவலைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவீர்கள். அது ஒடிந்தால் ரத்தம் லேசில் நிற்காது. வேறு இறகைப் பசை வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவர் வாலை விரித்துக் கையால் நீவிப் பார்க்கும்போது அது தெரிந்துவிடும். அந்த அவமானம் வேண்டாம்.

இருக்கிற வாலோடு கொண்டுபோங்கள். மூக்கும் கண்ணும் நீங்கள் சொல்வதுபோல இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பரிசு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

வால் ஏன் ஒடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரி எங்கே அடைக்கிறீர்கள்? பஞ்சாரமாகவோ குட்டையான கம்பிக் கூண்டாகவோ இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். சேவல் திரும்பும்போதெல்லாம் வால் கம்பியில் இடிக்கும். இரண்டரை, மூன்றடி உயரத்தில் சேவல் ராத்திரி உட்கார உருண்டையான கட்டை ஒன்று வையுங்கள். வால் தாராளமாகத் தொங்கும்படி சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். அப்புறம், சேவலைப் பகலில் மடியில் கிடத்தி, ஆசனவாயைச் சுற்றியுள்ள சிறு இறகுகளை விலக்கிப் பாருங்கள். தண்டின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை பேன் முட்டைகள். பேன் இருந்தால் சேவல் தன் இறகைத் தானே கோதிக் கோதிப் பிய்த்துக்கொள்ளும். உலர்ந்த சாம்பலும் மணலும் கலந்து புரள விடுங்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து போட்டால், 10 நாள் கழித்து மறுமுறை போட மறக்காதீர்கள். முதல் முறையில் முட்டை சாகாது. பருத்திக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து கோழியை முக்கி எடுக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பேனோடு கோழியும் போய்விடும்.

அடுத்த இறகு உதிர்ப்புக்குள் தீவனத்தைச் சரி செய்யுங்கள். இறகு பெரும்பாலும் புரதம். அதற்கு மெத்தியோனின் என்கிற கந்தகமுள்ள அமினோ அமிலம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் அது குறைவு, எள்ளுப் புண்ணாக்கில் நிறைய. கம்புத் தானியத்தோடு கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு, கொஞ்சம் உப்பில்லாக் கருவாட்டுத் தூள். டானிக் பாட்டிலுக்குக் கொடுத்த காசுக்கு இவை எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்காட்சிக்கு முன் குளிப்பாட்டுவது, பெட்டியில் பழக்குவது இதெல்லாம் வளர்க்கிற உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். சேவல் எப்படிப் போகிறது என்பதை விட, எதைச் சுமந்துகொண்டு திரும்புகிறது என்பதுதான் எனக்குக் கவலை. ஒரே பந்தலில் பல மாவட்டத்துச் சேவல்கள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் நிற்கும். ஒன்றைத் தடவின கையால் அடுத்ததைத் தடவுவார்கள். வெள்ளைக்கழிச்சல், அதாவது கோழிக்கழிச்சல், பரவ இதைவிடத் தோதான இடம் கிடையாது. அது வைரஸ் நோய். கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 3 நாளைக்கு அதைக் குடித்தால் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகள்தான் சாகும். அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். பாட்டில் விற்றால் அவருக்கு வருமானம். தீவனம் விற்கிறவரிடம் தீவனம் வாங்குங்கள், போதும். சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், பசி எடுக்கும். அது தடுப்பூசிக்கு மாற்று என்று சொன்னால் சண்டைக்கு வருவேன்.

பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும், அதில் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். உங்கள் கண்காட்சி அதற்கு முன்பே வருகிறது. அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். இதுவரை எதுவும் போடாத கோழிகள் என்பதால் முதலில் லசோட்டா என்கிற சொட்டு மருந்துத் தடுப்பூசி, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. சேவல், பெட்டை, குஞ்சு எல்லாவற்றுக்கும். இரண்டு வாரம் கழித்துச் சேவலுக்கும் பெட்டைகளுக்கும் அதே நோய்க்கான ஆர்2பி என்கிற தடுப்பூசி. அதற்கப்புறம் கண்காட்சிக்கு 3 வாரம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி வர அது போதும். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சோர்ந்திருந்தால், முட்டை கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம். குஞ்சுகளுக்கு மட்டும் ஆர்2பியை இப்போது போட்டுவிடாதீர்கள். அது வீரியமான மருந்து, 8 வாரம் தாண்டியதற்குத்தான். குப்பியில் 100, 200 கோழிக்கான மருந்து இருக்கும், உங்களிடம் இருப்பது 20. பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஒரே காலையில் போட்டுவிடுங்கள். ஐஸ் இல்லாமல் கவரில் போட்டுக் கொடுக்கிற கடையில் தடுப்பூசி வாங்காதீர்கள். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். வெயிலில் செத்துப்போனால் நீங்கள் ஏற்றுவது வெறும் தண்ணீர். கலக்கிய மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

தடுப்பூசி போட்டாயிற்றே, இனி என்ன என்று நினைக்கிற இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தடுப்பூசி போட்ட சேவல் பெரும்பாலும் நோயில் விழாது. ஆனால் அங்கே தொற்றின வைரஸை எச்சத்திலும் சளியிலும் சில நாள் கொட்டிக்கொண்டிருக்கும். பார்க்க ஜம்மென்று இருக்கும், கூவும், தீனி எடுக்கும். அதன் காலடியில் மேய்கிற குஞ்சு சாகும். “கண்காட்சிக்குப் போன சேவல் நன்றாகத்தானே இருக்கிறது, குஞ்சுகள் ஏன் சாகின்றன” என்று எனக்கு வருகிற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில்.

அதனால் திரும்பி வந்ததும் சேவலைப் பெட்டைகளோடு விடவே கூடாது. 21 நாள் தனியாக, தோட்டத்தின் இன்னொரு மூலையில், காற்று மற்ற கோழிகள் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். தீனித் தட்டு தனி, தண்ணீர்ச் சட்டி தனி, செருப்பும் தனி. காலையில் முதலில் குஞ்சு, அப்புறம் பெட்டைகள், கடைசியாகத்தான் சேவல். சேவலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குஞ்சுப் பக்கம் போகக் கூடாது. கொண்டுபோன அட்டைப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். கூண்டாக இருந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அன்று உடுத்தியிருந்த சட்டையோடு நீங்களும் கோழிப் பக்கம் போகாதீர்கள். இவ்வளவு செய்ய இடமோ ஆளோ இல்லை என்றால், இந்த வருஷம் சேவலை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். 14 குஞ்சையும் ஒரே வாரத்தில் குழி தோண்டிப் புதைக்கிற வருத்தம் இதைவிடப் பெரியது.

இதே காரணத்துக்காக அங்கே வெடை வாங்காதீர்கள். கூட்டத்தையும் சொல்கிற விலையையும் பார்த்து மனசு தடுமாறும் இடம் அது. லட்சம் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்த விலைக்கு விற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிடித்திருந்தால் செல் நம்பர் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்கே போங்கள். தாயையும் கூடப் பிறந்ததுகளையும் பாருங்கள். மூக்கு ரொம்ப வளைந்து, மேல் அலகு கீழ் அலகை மூடி, தரையில் கிடக்கிற கம்பைப் பொறுக்கத் தடுமாறுகிற குஞ்சுகள் அங்கே இருந்தால் அந்த வம்சம் வேண்டாம். நெருங்கின சொந்தத்திலேயே ஜோடி போட்டு வருகிறார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாம் திருப்தியாக இருந்தால் கோழியை விட முட்டை வாங்குவது மேல். முட்டை வழியாகவும் சில நோய் வரும்; ஆனால் கண்காட்சியிலிருந்து உயிர்க்கோழி வாங்கி வருகிற ஆபத்தில் அது பாதிகூட இல்லை. பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை அன்றே அடைக்கு வைக்காதீர்கள். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அடைக்கோழிக்கு அடியில் வையுங்கள்.